ஒரு ஓட்டுக்கு 176

தஞ்சாவூர்
14.12.2025

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்கு வரன் பார்க்கிறோம். அந்தக் கதை நேரில்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நூலகத்தில் ஞாயிறுதோறும் டி.என்.பி.எஸ்.சி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன் அல்லவா, போன வாரப் பாடம் குடியரசுத் தலைவர் தேர்தல், எம்.பி.க்களோடு எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுவது. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு வரும் என்று பலகையில் போட்டுக் காட்டினேன். நமக்கு 176, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், இன்னும் எத்தனை நாளைக்கு 1971 மக்கள்தொகையையே வைத்துக் கணக்குப் போடுவார்கள்?" என்றாள். பதில் சொன்னேன். அந்தப் பதில்தான் அன்றிலிருந்து என்னைத் தூங்க விடவில்லை.

2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரை 1971-தான். அரசியலமைப்பின் 55-ஆம் பிரிவு சொல்வது இது. முதலில் 1976-இல் 42-ஆவது திருத்தம் 2000 வரை என்றது; 84-ஆவது திருத்தம் அதை இப்படி நீட்டியது. பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலங்கள் அதற்காகவே பலம் இழக்கக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. இப்போது தேதிகளைப் பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். கணக்கு நாள் மார்ச் 1. திரௌபதி முர்முவின் பதவிக்காலம் முடிவது அதே ஆண்டு ஜூலை 24. 2011-இல் முதற்கட்ட எண்கள் மார்ச் 31-ஆம் தேதியே வந்துவிட்டன. இந்த முறையும் அப்படி வந்தால், அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தலுக்கே புது எண்கள்தானே? தொகுதி மறுவரையறை என்று ஊரெல்லாம் பேசுகிறோம். அதற்கு முன்பே இது வாசலுக்கு வந்து நிற்கிறது, பேசுவார் இல்லை.

2027 எண்களுக்கு எங்கே போவது, 2011 எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். நம் எம்.எல்.ஏ.வுக்கு 308, உத்தரப் பிரதேசத்துக்கு 496. பீகாரைக் கேள்: 1971 கணக்கில் 173, நம்மைவிடக் குறைவு. 2011 கணக்கில் 428! மாநிலங்களின் மொத்த ஓட்டில் நம் பங்கு ஏழரை சதவீதத்திலிருந்து ஏறக்குறைய ஆறுக்கு இறங்குகிறது. கேரளத்தின் கதையும் இதேதான். சிறு குடும்பம் என்று சொன்னதைக் கேட்டு நடந்த ஜனங்கள் சேது, நம் அம்மாக்களும் அக்காக்களும்.

"ரப்பர் ஸ்டாம்பு யார் கையில் இருந்தால் என்னடா" என்று நீ ஆரம்பிப்பாய். அறுபதுகளிலிருந்து உன் பல்லவி அது. அப்படியானால் 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி. கிரிக்கும் சஞ்சீவ ரெட்டிக்கும் இரண்டாம் விருப்ப ஓட்டுவரை எண்ணிக்கை போனபோது, ஹாஸ்டல் ரேடியோவை விட்டு நகராமல் கிடந்தது யாரப்பா? முத்துவைக் கேட்டால் சொல்வான்.

மந்திரிசபை சொல்கிறபடிதான் குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். 1997-இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரச் சொன்ன பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், குஜ்ரால் அரசு அதைக் கைவிட்டது. அதே நாற்காலியில் முன்பு இருந்த பக்ருதீன் அலி அகமதுதான் 1975 ஜூன் 25 இரவு அவசரநிலைக்குக் கையெழுத்துப் போட்டதும். யார் உட்கார்கிறார் என்பதில் ஒன்றுமே இல்லையென்று எப்படிச் சொல்வது? நம் நீட் விலக்கு மசோதா எங்கே போய் நின்றது? அந்த மேசையில்தான். மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று போன மாதம் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிவு டெல்லி மந்திரிசபையுடையதாக இருக்கலாம், ஆனாலும் அந்தப் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலங்களுக்குச் சரிபாதி உண்டு. 2022-இல் எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு 5,43,231, எம்.பி.க்களுடையது 5,43,200. இவர் டெல்லிக்கு மட்டும் தலைவர் இல்லை என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. அந்தப் பாதிக்குள் நாம் சிறுத்துப்போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதற்கட்ட எண்கள் செல்லாது, இறுதி எண்கள்தான் செல்லும் என்று வாதாட இடமிருக்கிறது. அதைத் தேர்தல் அறிவித்த பிறகு கோர்ட்டில் போய்ச் சொல்லி என்ன பயன்? 55-ஆம் பிரிவைத் திருத்துவதென்றால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதாது, பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும். இருப்பது ஒன்றரை வருஷம்.

நாற்பது வருஷம் வக்கீலாக இருந்தவன் நீ. 1971-ஐயே இன்னும் இருபத்தைந்து வருஷம் நீட்டிக்கக் கேட்டு ஒரு பக்கத்துக்கு மிகாமல் மனு எழுதி அனுப்பு. ஓட்டு மதிப்புகளை நான் பட்டியலாகச் சேர்க்கிறேன். பொங்கலுக்கு எம்.பி. ஊருக்கு வருவார், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதற்கு முன் வந்து சேர வேண்டும், பார்த்துக்கொள்.

கமலாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு