எந்த மெயில் ஆப் என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் எந்த மெயில் ஆப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் சொன்னால்: கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு, உன் ஆண்ட்ராய்டு போனிலும் அதுவே, ஆபீஸ் கணக்கு மட்டும் தனி ஆப்பில். அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள். ஆனால் உன்னிடம் மூன்று முகவரி இருக்கிறது. ஒன்று காலேஜ் கொடுத்தது, படிப்பு முடிந்ததால் எப்போது வேண்டுமானாலும் மூடிவிடுவார்கள். இன்னொன்று புது வேலையில் கொடுத்தது, வேலை இருக்கும்வரைதான் அது உன்னுடையது. மூன்றாவது மட்டும்தான் உனக்கே சொந்தம். அதனால் ஆப்பை மட்டும் பேசி முடிக்க முடியாது. நாள் முழுக்க மெயிலோடு மாரடிக்கிறவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்.

கணக்கு வேறு, ஆப் வேறு. ஜிமெயில் என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் இருப்பதால்தான் பலருக்கு இது குழம்புகிறது. ஜிமெயில் கணக்கை ஆப்பிள் மெயிலில் திறக்கலாம். ஜிமெயில் ஆப்பில் யாஹூ கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். கடிதங்கள் இருப்பது சேவை கொடுப்பவரின் சர்வரில், அதாவது அவர்களுடைய பெரிய கம்ப்யூட்டரில். ஆப் அதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். இதற்கு வழி செய்வது ஐமேப் என்ற முறை. ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் 1986இல் வகுத்தது, இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் ஒரு மெயிலைப் படித்தால் கம்ப்யூட்டரிலும் படித்ததாகக் காட்டுவதும், அங்கே ஃபோல்டருக்கு மாற்றினால் இங்கேயும் மாறுவதும் அதனால்தான். பழைய பாப் முறை அப்படி இல்லை. கடிதத்தைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து எடுத்துவிடுவதுதான் அதன் வழக்கம். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்த காலத்துக்கு அது சரி. கணக்கைச் சேர்க்கும்போது இரண்டில் எது என்று கேட்டால் ஐமேப்பைத் தொடு, யோசிக்காதே.

ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அதன் அழகை அல்ல. நாளைக்கு இதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போக முடியுமா என்பதைத்தான். மெயில் ஆப்களின் ஆயுள் அப்படி. மெயில்பாக்ஸ் என்று ஒன்று வந்தது, எல்லாரும் கொண்டாடினார்கள். டிராப்பாக்ஸ் 2013இல் அதை வாங்கியது, 2016இல் மூடியது. கூகுளே 2014இல் இன்பாக்ஸ் என்று ஓர் ஆப் கொண்டுவந்து 2019இல் நிறுத்திவிட்டது. விண்டோஸோடு வந்த மெயில் ஆப்பின் கதை 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. இவற்றில் ஐமேப்பில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதுவும் போகவில்லை. போனதெல்லாம் அந்த ஆப்புக்குள் மட்டுமே இருந்த சௌகரியங்கள்: அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தவை, மேலேயே நிற்கட்டும் என்று பின் குத்தி வைத்தவை, அதற்குள் எழுதிய விதிகள். அதனால் ஃபோல்டர் போடு, நட்சத்திரம் போடு. அவை சர்வரில் இருக்கும், எந்த ஆப்புக்கும் உன் பின்னாலேயே வரும். ஒரு ஆப்புக்கு மட்டும் உரிய வித்தைகளில் உன் வேலையைக் கட்டிப் போடாதே.

அடுத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று பார். சில ஆப்கள் உன் கணக்கில் நுழையும் உரிமையைத் தங்கள் சொந்த சர்வரில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து உன் மெயிலை எடுத்து உனக்கு அனுப்புகின்றன. நோட்டிபிகேஷன் சட்டென்று வர, குறித்த நேரத்தில் மெயில் அனுப்ப, இது அவர்களுக்கு வசதி. புது அவுட்லுக்கில் ஜிமெயில் மாதிரி வெளிக் கணக்கைச் சேர்த்தால் அது மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு ஒத்திசைக்கப்படும். சேர்க்கும்போது திரையிலேயே அதைச் சொல்லி ஒப்புதல் கேட்கிறது. நாம்தான் படிக்காமல் அழுத்துகிறோம். தப்பு என்று சொல்ல வரவில்லை, தெரிந்து செய் என்கிறேன். தண்டர்பேர்டு, ஆண்ட்ராய்டில் ஃபேர்இமெயில் போன்றவை உன் கருவியிலிருந்து நேராக உன் சர்வரோடு பேசுகின்றன, நடுவில் ஆள் கிடையாது.

ஜிமெயில் கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் சொந்த லாகின் பக்கம் திறக்க வேண்டும். பாஸ்வேர்டை அங்கேதான் போடுகிறாய், ஆப்பின் கையில் அது போவதில்லை. ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் போகிறது. பிடிக்கவில்லை என்றால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அந்தச் சீட்டைக் கிழித்துவிடலாம். பழையபடி ஆப்பிலேயே பாஸ்வேர்டை அடிக்கும் முறையைத் தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே 30ஆம் தேதியிலிருந்து நிறுத்தத் தொடங்கிவிட்டது. ஆகவே கூகுள் பாஸ்வேர்டைத் தன் கட்டத்திலேயே போடச் சொல்லும் ஆப் எதுவானாலும் கையை எடுத்துவிடு.

விட்டுப் போக முடியுமா, சாவி யாரிடம் என்ற இந்த இரண்டிலும் தண்டர்பேர்டு தேறுகிறது. இலவசம், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1.0 வந்தது 2004 டிசம்பரில், கிட்டத்தட்ட உன் வயதுதான். கே-9 மெயில் என்ற பழைய ஆண்ட்ராய்டு ஆப் 2022இல் அவர்களோடு சேர்ந்தது. அதையே வளர்த்து 2024 அக்டோபரில் போனுக்கும் தண்டர்பேர்டு கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டரில் எல்லாக் கணக்கையும் அமைத்துவிட்டு, போனுக்கு ஏற்றுமதி செய்வதைத் தொட்டால் ஒரு க்யூஆர் கட்டம் வரும். போன் கேமராவில் அதைப் பிடித்தால் போதும், சர்வர் பெயரையெல்லாம் மறுபடி அடிக்க வேண்டாம். குறையும் உண்டு. முதல் தடவை எல்லா மெயிலையும் இறக்கி முடிக்க நேரம் பிடிக்கும், பழைய மெயிலைத் தேடுவதில் ஜிமெயிலின் சொந்தப் பக்கத்துக்கு ஈடாகாது. பழசைத் தோண்ட வேண்டுமானால் நான் பிரவுசருக்குத்தான் போகிறேன். உன் அப்பா எல்லாவற்றையும் பிரவுசரிலேயே பார்க்கிறார், அவருக்கு ஒரே ஒரு ஜிமெயில் கணக்கு. அவருக்கு இந்தப் பாடம் எதுவும் தேவையில்லை. தங்கை ஐபோன்காரி, ஆப்பிள் மெயில் போதும், ஆனால் அதில் ஜிமெயில் உடனுக்குடன் வந்து விழாது, குறித்த இடைவெளியில்தான் எடுத்துவரும் என்று சொல்லிவை. இல்லாவிட்டால் ஓடிபி வரவில்லை என்று உன்னைத்தான் பிடுங்குவாள்.

ஆபீஸ் கணக்கை ஏன் தனியாக வை என்கிறேன்? எந்த ஆப்பில் திறக்கலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள், அதில் மல்லுக்கு நிற்காதே. போனில் சேர்க்கும்போது வரும் அனுமதித் திரையைப் பொறுமையாகப் படி. சில அமைப்புகளில், போனிலுள்ள எல்லாத் தரவையும் அழிக்கும் உரிமை நிர்வாகிக்கு என்று ஒரு வரி இருக்கும். போன் தொலைந்தால் கம்பெனிக்கு அது நல்லது, உன் புகைப்படங்களுக்கு நல்லதல்ல. அந்த வரியைப் பார்த்தால் ஒப்புக்கொள்ளும் முன் ஆபீஸில் கேள். தனி ஆப்பாக இருந்தால் சாயங்காலம் அதன் மணியை மட்டும் அணைத்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. எல்லாக் கணக்கையும் ஒரே இன்பாக்ஸில் கொட்டிப் பார்ப்பது பார்க்கச் சுகம், பதில் எழுதும்போதுதான் ஆபத்து. அனுப்புநர் என்ற வரி போனில் பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். நண்பனுக்குப் போக வேண்டிய பதில் ஆபீஸ் முகவரியிலிருந்து போய் நிற்கும். தண்டர்பேர்டில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம், கொடு.

இப்போது காலேஜ் கணக்கு. இதுதான் அவசரம். அதில் கிடக்கும் பழைய கடிதங்களைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது, அந்த முகவரியைக் கொடுத்து நீ எங்கெங்கே கணக்குத் திறந்தாய் என்பதைப் பற்றித்தான். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பு மெயில் அங்கேதான் போகும். முகவரி மூடிவிட்டால் அந்தக் கணக்கும் கைவிட்டுப் போகலாம். வங்கி, வேலைத் தளங்கள், நிரல் போட்டு வைத்திருக்கும் இடம், எல்லாவற்றிலும் உள்ளே போய் முகவரியை மாற்று. எங்கெங்கே என்று நினைவில்லை என்றால் காலேஜ் இன்பாக்ஸில் "வெல்கம்", "வெரிஃபை" என்று ஆங்கிலத்தில் தேடு, வரிசையாக வந்து நிற்கும்.

அப்புறம் கடிதங்கள். தண்டர்பேர்டில் காலேஜ் கணக்கையும் உன் சொந்தக் கணக்கையும் சேர்த்தால் இடப்பக்கம் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். சொந்தக் கணக்கில் "காலேஜ்" என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கு. பழைய இன்பாக்ஸில் ஓர் ஆண்டுக்குரியதை மட்டும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, அந்த ஃபோல்டருக்கு நகல் எடு. நகர்த்தாதே, நகல். மொத்தமாக அள்ளினால் பாதியில் நின்றுவிடும், எது போனது எது போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வாய். ஒவ்வொரு தவணை முடிந்ததும் பிரவுசரில் சொந்தக் கணக்கைத் திறந்து, இணைப்போடு இருக்கும் ஒன்றிரண்டைத் திறந்து பார். உன் ஜிமெயிலின் 15 ஜிபியை கூகுளில் உள்ள உன் புகைப்படங்களும் டிரைவும்கூடப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதால் முதலில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். காலேஜ் ஐமேப்பையே அடைத்து வைத்திருந்தால் கணினிப் பிரிவில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஐமேப்பை பேக்கப் என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். முக்கியமானவற்றை தண்டர்பேர்டின் உள்ளூர் ஃபோல்டர்களுக்கு நகல் எடுத்து வை, அது உன் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். போனில் ஒரு மெயிலை விரலால் இடப்பக்கம் தள்ளினால் என்ன ஆகும், வலப்பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்று முதல் நாளே அமைப்பில் போய்ப் பார். ஓர் ஆப்பில் அது ஆர்க்கைவ், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கி வைப்பது; இன்னொன்றில் டெலிட். விரல் பழகியபடி போகும், ஆப் மாறியது அதற்குத் தெரியாது. ஜிமெயிலில் அழித்தது குப்பையில் 30 நாள் கிடக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

போனில் மெயில் பார்க்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள். பல ஆப்கள் அனுப்பியவர் பெயரை மட்டும் காட்டும், முகவரியை மறைத்துவிடும். பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். உன் மேலாளர் பெயரில் அவசரமாக ஏதாவது கேட்டு வந்தால் அந்தப் பெயரைத் தொடு, அடியில் முழு முகவரி விரியும். ஆபீஸ் பெயருக்குப் பதில் சம்பந்தமில்லாத எழுத்துக் கோவை இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. வெளிப் படங்களைத் தானாக ஏற்றாதே என்ற அமைப்பையும் போட்டு வை. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து நீ மெயிலைத் திறந்தாயா, எப்போது திறந்தாய் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு நீ சொல்லாமலே அவற்றை ஏற்றாது.

காலேஜ் கணக்கு எந்தத் தேதியில் மூடுகிறது என்று கேட்டு எனக்கு எழுதுடா. சொந்த முகவரியிலிருந்து எழுது. காலேஜ் முகவரியிலிருந்து வந்தால் பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
அம்மா