கான்ட்ராபேண்ட் சிடியைக் கழித்துக்கட்டும் முன்: இசை நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

இசைப் பிரிவு நூலகர்களுக்கும் ஒலிக் காப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வெல்வெட் ரிவால்வர் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பமான கான்ட்ராபேண்டின் அமெரிக்கப் பதிப்பு உங்கள் அடுக்கில் இருந்தால், அதைப் பழுதான சிடி என்று முத்திரை குத்தி ஒதுக்க வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல். நகலெடுத்தால் இரைச்சல் வருகிறது, கடைசிப் பாட்டு படிக்க மறுக்கிறது என்பவைதான் இந்தச் சிடி மேல் வழக்கமாக எழும் இரண்டு புகார்கள். இரண்டுக்கும் கீறல் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்தச் சிடி தயாரிக்கப்பட்ட விதமே காரணம்.

கன்ஸ் அண்ட் ரோஸஸிலிருந்து ஸ்லாஷ், டஃப் மெக்கேகன், மேட் சோரம். ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸிலிருந்து பாடகர் ஸ்காட் வைலண்ட். வேஸ்டட் யூத்தில் வாசித்த டேவ் குஷ்னர். இந்த ஐவர் கூட்டணியின் முதல் ஆல்பத்தை ஆர்சிஏ நிறுவனம் 2004 ஜூன் 8 அன்று வெளியிட்டது. முதல் வாரத்திலேயே இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நகல் தடுப்புப் பூட்டுடன் வந்து அந்த இடத்தைத் தொட்ட முதல் சிடி இதுவே. ஸ்லிதர் பாட்டுக்கு 2005இல் கிராமி விருது கிடைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பூட்டு விவகாரம் நூலகப் பட்டியல்களில்கூட அரிதாகவே பதிவாகியிருக்கிறது.

அந்தப் பூட்டின் பெயர் மீடியாமேக்ஸ். அரிசோனாவின் சன்காம் நிறுவனம் செய்தது. சிடியில் இரண்டு அமர்வுகள், அதாவது தனித்தனியே எழுதிய இரண்டு பகுதிகள் உண்டு. முதல் அமர்வில் வழக்கமான ஆடியோ: 13 பாட்டு, ஏறத்தாழ 57 நிமிடம், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். இதில் எந்தப் பூட்டும் கிடையாது. வீட்டு சிடி பிளேயர் இதை மட்டும் பார்ப்பதால் தடையின்றி ஓடும். இரண்டாம் அமர்வில் கணினிக்கான கோப்புகள். விண்டோஸ் கணினியில் சிடியைப் போட்டால் ஆட்டோரன் (சிடியைப் போட்டதும் நிரலைத் தானே ஓட்டும் வசதி) வழியே லாஞ்ச்சிடி என்ற நிரல் கிளம்பி, ஒரு டிரைவரை (சாதனங்களை இயக்கும் மென்பொருளை) நினைவகத்தில் ஏற்றிவிடும். சிடியிலிருந்து ஆடியோ படிக்கப்படுவதை அந்த டிரைவர் கவனித்துக்கொண்டே இருந்து, தரவைக் குலைத்துக் கொடுக்கும். நகலில் கேட்கும் இரைச்சல் இதுதான். சிடியின் முகத்தை எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது.

பூட்டு எவ்வளவு பலம் என்பது 2003 அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், இதே நுட்பத்தோடு வந்த வேறொரு சிடியை ஆராய்ந்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சிடியைப் போட்டாலே நிரல் ஓடாது என்று எழுதினார். சன்காம் வழக்குப் போடுவதாக மிரட்டி, உடனே பின்வாங்கியது. எட்டு மாதம் கழித்து அதே நிறுவனத்தின் பூட்டோடுதான் கான்ட்ராபேண்ட் கடைக்கு வந்தது! காசு கொடுத்து வாங்கியவரால் பாட்டை நேராக ஐபாடில் ஏற்ற முடியவில்லை. இரண்டாம் அமர்வில் இருந்தவை பூட்டிய டபிள்யூஎம்ஏ (மைக்ரோசாஃப்டின் ஒலி வடிவம்) கோப்புகள், ஐபாடோ அவற்றைத் தொடாது. திருட்டு நகல் எடுத்தவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். பூட்டிய பிரதியா என்று முதலில் உறுதி செய்யுங்கள். உறையில் நகல் தடுப்பு அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். உறை மாறிப்போயிருக்கலாம் என்பதால் அதோடு நிற்காமல், லினக்ஸ் கணினியில் சிடியைப் போட்டு, எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் பொருளடக்க அட்டவணையைப் படியுங்கள். 13 ஆடியோ தடங்களுக்குப் பின் பதினான்காவதாக ஒரு டேட்டா தடம் வேறு அமர்வில் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. வெறும் வீடியோ இணைப்புக்காகவும் சில சிடிகளில் டேட்டா தடம் இருக்கும். ஆகவே உள்ளே லாஞ்ச்சிடி நிரலும் டபிள்யூஎம்ஏ கோப்புகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நகலெடுக்க லினக்ஸே போதும். விண்டோஸுக்கு எழுதிய அந்த டிரைவர் அங்கே ஓடாது. நல்ல சிடி டிரைவ் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்தான் இருக்கிறது என்றால் ஆட்டோரனை நிரந்தரமாக முடக்கிவிடுங்கள். ஷிஃப்ட் விசையை நம்பி இருக்காதீர்கள்: டிரைவ் சுழன்று நிலைக்கும் முன் விரலை எடுத்துவிட்டால் நிரல் ஓடிவிடும். ஏற்கெனவே ஓடிவிட்ட கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லி, பிளக் அண்ட் பிளே அல்லாத டிரைவர்களின் வரிசையில் எஸ்-பி-சி-பி-எச்-ஐ-டி என்ற பெயரைத் தேடுங்கள். இருந்தால் அதை முடக்கி, கணினியை மறுபடி தொடங்குங்கள். அந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த வேறு சிடி நகல்கள் இருந்தால் அவற்றையும் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள்.

கடைசிப் பாட்டின் சிக்கல் தனி. முதல் அமர்வு முடியும் இடத்துக்கும் இரண்டாம் அமர்வின் தரவு தொடங்கும் இடத்துக்கும் நடுவே 11,400 செக்டர் (சிடியில் தரவை அளக்கும் சிறு அலகு) இடைவெளி உண்டு: வெளியேறும் பகுதி 6,750, நுழையும் பகுதி 4,500, முன்னிடைவெளி 150. நொடிக்கு 75 செக்டர் என்பதால் இது 2 நிமிடம் 32 நொடி. நகல் மென்பொருள் பொருளடக்க அட்டவணையை மேலோட்டமாகப் படித்து, டேட்டா தடம் தொடங்கும் வரை எல்லாம் பாட்டே என்று கணக்கிட்டால், ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான கடைசிப் பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும். இல்லாத ஒலியைத் தேடி டிரைவ் திணறும். பதின்மூன்றாம் தடத்தில் பிழை என்று அறிக்கை வரும். அமர்வுகளைப் பிரித்து அறியும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் எடுங்கள். உங்கள் கருவிக்கு அந்த அறிவு இல்லையென்றால் 11,400ஐக் கையாலேயே கழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு தடத்தையும் இரண்டு முறை படித்து, இரு படிப்பின் சரிபார்ப்பு எண்ணும் (படித்த தரவிலிருந்து மென்பொருள் கணக்கிடும் எண்) ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒலியில் எதுவும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) வடிவில் சேமியுங்கள். பலர் எடுத்த நகல்களின் சரிபார்ப்பு எண்களைத் திரட்டி வைத்திருக்கும் அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தோடு ஒப்பிடும்போது ஒரு விஷயம்: சிடியின் அடையாள எண்ணைக் கணக்கிடுகையில் டேட்டா தடமும் சேரும். பூட்டில்லாத பதிப்புக்கு ஒரு எண், பூட்டிய பதிப்புக்கு வேறு எண். அடையாளம் பொருந்தவில்லை என்பதற்காக உங்கள் நகல் தவறாகிவிடாது.

அலைவடிவத்தைத் திரையில் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். உச்சங்கள் எல்லாம் கத்தரித்த வேலிச்செடி போல ஒரே மட்டத்தில் நிற்கும். 2004இன் ராக் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் வேலை) வழக்கம் அது. ஒலியைக் கூரை முட்டத் தூக்கியிருக்கிறார்கள். எங்கள் காதுக்கு அது பிடிக்கவில்லைதான். ஆனாலும் காப்பக நகலில் ஒலி அளவைக் குறைப்பதோ, முனைகளை மென்மையாக்கும் வடிகட்டியை ஓட்டுவதோ கூடாது.

இரண்டாம் அமர்வையும் தூக்கிப் போடாதீர்கள். ஒலிக்காக அது தேவையில்லை. ஆனால் இசை நிறுவனங்கள் வாடிக்கையாளரின் கணினிக்குள் எப்படி நுழைந்தன என்பதற்கு அதுதான் சான்று. 2005இல் சோனி பிஎம்ஜி மாட்டிக்கொண்ட பெரிய சர்ச்சையில் மீடியாமேக்ஸும் ஒரு பங்கு. அந்த அமர்வைத் தனிப் பிம்பக் கோப்பாக (உள்ளதை அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக) எடுத்து வையுங்கள். தொடக்க செக்டர் எண்ணைக் கூடவே எழுதி வைக்காவிட்டால் அது பிற்பாடு திறக்காது. உள்ளே இருக்கும் முகவரிகள் சிடியின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டவை. தனியாகப் பிரித்த பிம்பம் பூஜ்யத்தில் தொடங்கும். கணக்கு இடிக்கும்.

நகலெடுக்கும் உரிமை பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்தவரிடம் கேளுங்கள். அமெரிக்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, பிரதி சேதமடைந்து, நியாய விலையில் புதுப் பிரதி கிடைக்காத நிலையில் நூலகங்களுக்கு மூன்று நகல் வரை இடம் தருகிறது. பூட்டை உடைப்பது பற்றிய 1201ஆம் பிரிவு வேறு. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

பட்டியலிடும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கடைசிப் பாட்டின் தலைப்பு லவிங் தி ஏலியன். டேவிட் போவிக்கு இதே தலைப்பில் 1984 பாட்டு ஒன்று உண்டு. இது வேறு பாட்டு. தானியங்கிப் பொருத்தம் போவியை ஆசிரியராக்கிவிடலாம். செட் மீ ஃப்ரீ முதலில் வெளிவந்தது 2003இன் ஹல்க் படத்தின் இசைத் தொகுப்பில். முதல் வெளியீட்டு ஆண்டு என்ற புலத்தில் 2004 என்று போட்டால் பிழை.

குறிப்புப் புலத்தில் அமர்வு எண்ணிக்கை, பூட்டின் பெயர், நகலெடுத்த டிரைவின் மாடல், மென்பொருளின் பதிப்பு, இரண்டாம் அமர்வின் தொடக்க செக்டர் ஆகியவற்றை எழுதுங்கள். கழிவுப் பெட்டியில் ஏற்கெனவே பிரதிகள் கிடந்தால், அவற்றை எடுத்து ஒருமுறை இந்த முறையில் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
சிடி நகலெடுப்பு வேலையில் இருக்கும் சிலர்