மல்லாட்டைப் படைக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

1976 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டர்ஹம் ஊரில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீல மசியில் கையால் எழுதிய ஒரே பக்கம். அதற்கு நான் பதில் போடவில்லை. 2024 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 100 வயதில் காலமான செய்தி வந்த பிறகுதான் டிரங்குப் பெட்டியைக் குடைந்து அதைத் தேடி எடுத்தேன். எழுதிய அம்மா அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். இனி எந்த முகவரிக்குப் போடுவது? அதனால் ஊரறிய எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அவர் வீட்டார் ஒருவருக்கும் புரியாது என்பது தெரியும். எனக்கு நன்றி சொல்ல வருவது இந்த மொழியில்தான்.

நான் திண்டிவனத்துக்காரன். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். மண்ணியல் படிக்க நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். குளிர்கால விடுமுறை, ஊரே காலி. ஊருக்குப் போகக் காசில்லாத நானும் மதுரை நண்பன் ஒருவனும்தான் அந்த வீட்டு மாடியில் இருந்தோம். ஒரு நாள் காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால், பனிக்குக் கொஞ்சமும் பொருந்தாத செருப்பு மாதிரியான ஷூ போட்ட ஒரு பெண்மணி, மூக்கெல்லாம் சிவந்து நிற்கிறார். "நான் ஜார்ஜியாவிலிருந்து வருகிறேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதிபர் தேர்தலுக்கு நிற்கிறார்" என்றார்.

எனக்கு ஓட்டில்லை என்று சொன்னேன். "அதனாலென்ன, உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா?" என்று கேட்டு உள்ளே வந்துவிட்டார்.

அந்த ஊர்க்காரர்தான் ஜிம்மி கார்ட்டர், நிலக்கடலை விவசாயி. அதனால் அவருக்காக வந்தவர்களைப் பத்திரிகைகள் 'பீநட் பிரிகேட்' என்றன. நான் வைத்த பேர் மல்லாட்டைப் படை. ஏறக்குறைய 90 பேர், தங்கள் கைக்காசைப் போட்டு விமானத்தில் மான்செஸ்டர் வந்து இறங்கி, ஜனவரிக் குளிரில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பாதிப் பேர் அதுவரை பனியில் நடந்ததே இல்லை என்பது அவர்கள் விழுந்த விழுகையிலேயே தெரிந்தது.

தென்கோடிக்காரர் ஒருவர் வடகோடியில் வந்து ஏன் ஓட்டுக் கேட்க வேண்டும் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. விளக்கியவர் அந்த அம்மாதான், எங்கள் சமையலறை மேசையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி வைத்து. தெற்கு என்றாலே ஜனநாயகக் கட்சியில் அப்போது அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ். 1972 புளோரிடா பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் தேர்தலில், 40 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர், நிறவெறிப் பேச்சால் வளர்ந்தவர். அவரைத் தெற்கிலேயே தோற்கடிக்க வேண்டும். ஆனால் 'ஜிம்மியா, எந்த ஜிம்மி?' என்று நாடே கேட்கும் ஜார்ஜியாவின் ஒரு முன்னாள் கவர்னரை நம்பித் தெற்கு எப்படி வாலஸைக் கைவிடும்? அதனால் முதலில் வடக்கே, பனி கொட்டும் அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் ஜெயித்துக் காட்ட வேண்டும். பிறகு புளோரிடாவுக்குப் போய் 'வடக்கத்தியாரே என்னை ஏற்றுக்கொண்டார்கள், நம்மூர்க்காரனை நீங்கள் விடலாமா' என்று கேட்க வேண்டும். உப்பு டப்பா கடைசியில் மேசையின் தெற்கு ஓரத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கணக்கின் கரு 1972 நவம்பரிலேயே ஹாமில்டன் ஜோர்டன் என்ற கார்ட்டரின் 28 வயது உதவியாளர் எழுதிய நீண்ட குறிப்பில் இருந்தது என்று பின்னால் படித்தேன். செனட்டர் ஹென்றி ஜாக்சன் போன்ற பெரிய தலைகள் நியூ ஹாம்ப்ஷயரைத் தாண்டிக்கொண்டு மாசசூசெட்ஸ், நியூயார்க் மாதிரி ஜனம் பெருத்த மாநிலங்களுக்குக் காத்திருந்தார்கள். இங்கே களத்தில் நின்ற மோ யூடால், பர்ச் பை, ஃபிரெட் ஹாரிஸ், சார்ஜன்ட் ஷ்ரைவர் நால்வரும் இடதுசாரிப் பக்கத்து ஓட்டையே பங்கு போட்டார்கள். நடுவில் கிடந்த பாய் முழுவதும் கார்ட்டருக்கு. உண்மையைச் சொன்னால், எங்கள் வளாகத்தில் முக்கால்வாசிப் பேரைப் போல நானும் மனசளவில் யூடால் கட்சி. அந்த அம்மாவிடம் அதை மறைக்கவில்லை. அவரும் என்னை மாற்றப் பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலம் வறுத்த கடலையை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பேச்சு அரசியலில் இல்லை. மண் அணைப்பது எப்போது, விழுது இறங்கும் நேரத்தில் தண்ணீர் கட்டலாமா, உங்கள் ஊரில் கொடி ரகமா கொத்து ரகமா என்று ஒரு மணி நேரம் ஓடியது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து டி.எம்.வி. 7 கடலை ரகம் பற்றி நான் சொன்னதை ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். வேட்பாளரின் தாயார் லில்லியன் அம்மையார் 68 வயதில் அமெரிக்க அரசின் 'பீஸ் கோர்' தொண்டராகப் பம்பாய் அருகே விக்ரோலிக்குப் போய் நர்ஸ் வேலை பார்த்தவர் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குக் கொஞ்சம் அசைந்தது. ஓட்டில்லாதவன் அடுத்த நாலு நாள் அவர்களுக்குப் பக்கத்து ஊரான டோவரின் தெருக்களைக் காட்டிக்கொண்டு அலைந்ததற்குக் காரணம் கொள்கை இல்லை. மல்லாட்டையும் விக்ரோலியும்தான்.

மதுரை நண்பா, உன் பழைய டாட்ஜ் காரை நீ தரவில்லை என்றால் அவர்கள் நடந்தே உறைந்திருப்பார்கள். நீ வைத்த மிளகு ரசத்தை சூப் என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுக் கண்ணீர் விட்டாரே ஒரு பெரியவர், அவர் சார்பிலும் உனக்கு நன்றி. பெட்ரோல் காசு இன்னும் பாக்கி.

எங்கள் வீட்டுக்கார அம்மாளுக்கு நான் பட்ட கடன் தனி. அவர் குடியரசுக் கட்சி, அதுவும் தீவிர ரீகன் பக்தை. ஆனாலும் கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒழித்துக் கொடுத்து, "கடிதம் எழுதுபவர்களுக்கு வெளிச்சம் வேண்டும்" என்று விளக்கையும் இழுத்து வைத்தார். அந்தப் படையின் வித்தையே அந்தக் கடிதங்கள்தான். பகலில் யார் யார் வீட்டு வாசலில் பேசினார்களோ, அவர்களுக்கெல்லாம் கையால் எழுதுவார்கள்: உங்கள் நாயின் கால் தேவலையா, உங்கள் பையனுக்குப் பரீட்சை எப்படி, முடிந்தால் ஜிம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த நோட்டீஸைக் கிழித்துப் போடுகிறவர்கள் இதைக் கிழிக்க மாட்டார்கள். பிப்ரவரி 24 அன்று நியூ ஹாம்ப்ஷயர் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ரீகன் அப்போதைய அதிபர் ஃபோர்டிடம் மயிரிழையில் தோற்றதும் வீட்டுக்கார அம்மாள் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. பாவம், விளக்கைக் கொடுத்தவர்.

அயோவாவில் ஜனவரி 19 அன்றே வேலை பாதி முடிந்திருந்தது. அங்கே 'இன்னும் யாருக்கும் இல்லை' என்றவர்கள்தான் 37 சதவீதத்தோடு முதலிடம். கார்ட்டர் 28 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஆளாக நின்றவர்களில் அவர்தான் முதல், பத்திரிகைகளுக்கு அது போதும். நியூ ஹாம்ப்ஷயரிலும் அதே 28 சதவீதச் சொச்சம், யூடாலை முந்தி. மார்ச் 2 அன்று மாசசூசெட்ஸில் சறுக்கி நாலாமிடம் போனபோது கதை முடிந்தது என்று நானே சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் புளோரிடா: கார்ட்டர் 34.5, வாலஸ் 30.5. அங்கே அவர் மனைவி ரோசலின் கார்ட்டர் அதற்கு முந்தைய வருஷமே தோழியோடு காரில் ஊர் ஊராகப் போய், உயரமான ஆன்டெனா எங்கே தெரிகிறதோ அங்கே ரேடியோ நிலையம் இருக்கும் என்று கண்டுபிடித்து, உள்ளே போய்த் தன்னைப் பேட்டி எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். உப்பு டப்பா போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் அவருக்குத்தான் பெரும் பங்கு.

கார்ட்டர் நல்ல அதிபரா என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

விடுமுறை ஆய்வுக்கூட வேலைக்கு நாலு நாள் வராததைக் கேட்காமல் விட்ட பேராசிரியருக்கும், இந்த மடலைக் கணினியில் அடித்துக் கொடுத்து, "தாத்தா, ஓட்டே இல்லாம எதுக்கு அலைஞ்சீங்க?" என்று மூன்று தடவை கேட்ட பேத்திக்கும் நன்றி.

அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் அப்பா நிலத்தில் எவ்வளவு விளையும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாமதத்துக்கு மன்னியுங்கள். மானாவாரியில் காணிக்குப் பத்து மூட்டை வந்தால் அப்பா அந்த வருஷம் சிரித்த முகமாக இருப்பார். மழை பொய்த்தால் விதைக்கடலைக்கே கடன்.

வணக்கத்துடன்,
திண்டிவனத்திலிருந்து உங்கள் பழைய வழிகாட்டி