ஆக்கூர் வேலிக்குப் பதினான்கு மில்லிமீட்டர்

ஸ்டுட்கார்ட்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இந்த மாதங்களில் இங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வீடு திரும்பினால் வெளியே போக மனம் வராது. இந்த ஊர்க்காரர்கள் பலர் அந்நேரத்தில் வீட்டு நிலவறைக்குள் இறங்கிச் சிறு ரயில் ஓட்டுகிறார்கள். அதைப் பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது, முகம் சுளிப்பார்கள்.

எனக்கும் அந்தப் பித்துப் பிடித்துவிட்டது. 1926இல் தொடங்கி 1986இல் நின்றுபோன நம் மயிலாடுதுறை–தரங்கம்பாடித் தடத்தில், ஆக்கூரைச் சுற்றிய ஒரு துண்டை மட்டும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, எட்டடிப் பலகையில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த அளவில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் 12 மில்லிமீட்டர்தான். சுவிட்சர்லாந்தில் ஓடும் மீட்டர் கேஜ் வண்டிகளின் மாதிரிகள் கடையில் கிடைப்பதால், அவற்றுக்கு வண்ணம் மாற்றி ஒப்பேற்றிவிட்டேன். வேலிதான் கிடைக்கவில்லை. விற்பதெல்லாம் இவர்கள் தோட்டத்து வெள்ளைச் சட்ட வேலி, அதை நம் வயலோரத்தில் எப்படி வைப்பது?

ஆகவே நானே செய்ய உட்கார்ந்தேன். நான்கடி வேலி 14 மில்லிமீட்டராகிறது. எட்டடிக்கு ஒரு கால் என்றால் 28 மில்லிமீட்டருக்கு ஒன்று நட வேண்டும். நான்கு அங்குலத் தடிமனுள்ள காலுக்குப் பல்குத்தும் குச்சிகூட அதிகப் பருமன் என்பதால், மெல்லிய மரச்சீவலிலிருந்து கீறி எடுக்கிறேன். முதல் வேலியை ஒட்டி முடித்த பிறகு சாயம் பூசினேன். பசை பட்ட இடத்திலெல்லாம் சாயம் ஏறாமல், தேமல் விழுந்ததுபோல் வெளுத்து நின்றது. மூன்று இரவு உழைப்பு குப்பைக்குப் போயிற்று. இப்போது குச்சிகளை ரம்பப் பல்லால் நீளவாக்கில் இழுத்து மரவரி உண்டாக்கி, ஸ்பிரிட்டில் கலந்த கறுப்பு மையில் நனைத்துக் காயவைத்து, அதன் பிறகே பசையைத் தொடுகிறேன். கம்பிக்குத் தையல் நூல்தான். அதன் பிசிறு அடங்கத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வேலியை, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "இந்த வேலியில் மாடு உரசியதே இல்லை போலிருக்கிறதே" என்றார். வேலியை நேராக நிறுத்திய பெருமையில் இருந்த எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவே இரண்டு கால்களைச் சாய்த்து, ஓரிடத்தில் நூலைத் தளர்த்தி, ஆடு நுழையும் அளவுக்கு ஒரு சந்தும் விட்டேன். கால்களின் அடியில் காய்ந்த தேயிலைத் தூளைத் தூவியதும், மண்ணிலிருந்து முளைத்ததுபோல் பொருந்திவிட்டது.

நம் கொல்லை வேலியில்தான் திகைத்து நிற்கிறேன். நீங்கள் ஒதிய மரக் கிளைகளைப் போத்தாக நட்டு, மூங்கிலைப் பிளந்த பிளாச்சு வைத்துக் கட்டி, இடையில் முள் அடைத்தது நினைவிருக்கிறது. நட்ட போத்தெல்லாம் மழைக்குத் தளிர்த்து மரமாகிவிட்டதும் நினைவிருக்கிறது. புல்வேரைக் கழுவி உலர்த்தினால் அந்தத் தளிருக்குச் சரியாக வரும் என்று தோன்றுகிறது. ஆனால் தண்டவாளத்துப் பக்கம் இருந்தது ரயில்வேக்காரர்களின் கம்பி வேலியா, நாம் அடைத்த வேலியேதானா? வண்டி ஓடுவது நின்றுபோனபோது எனக்கு எட்டு வயது. வண்டி தெரிகிறது, பாட்டி கையசைப்பது தெரிகிறது, நடுவில் இருந்த வேலி மட்டும் தெரியவில்லை.

அடுத்த கடிதத்தில் இதை எழுதுங்கள். பிளாச்சு இரண்டு வரிசையா மூன்றா, கட்டியது தேங்காய் நார்க் கயிற்றாலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படல் எந்தப் பக்கம் திறந்தது என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். தண்ணீர்க் குடத்தோடு தினமும் அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர்தானே.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்