என் விலாவை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை: வலி சிகிச்சை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் மானாமதுரைக்காரி. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வயது 63. பதினான்கு மாதமாக வலது விலாவில் வலி. அக்கி வந்து ஆறிய இடம் அது. கொப்புளமெல்லாம் ஒரு மாதத்தில் காய்ந்து உதிர்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. சேலைத் தலைப்பு உரசினாலே கங்கு பட்டதுபோல இருக்கும். மின்விசிறிக் காற்றுகூட ஆகாது. சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு, விலாவில் துணி படாமல் கையைத் தூக்கித் தலையணையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ரவிக்கை போட முடியாததால் தங்கை மகளின் வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை.

மதுரையில் ஒரு வலி சிகிச்சை மையத்தில் எட்டு மாதம் பார்த்தேன். அந்த ஒரு டாக்டரோடு தீர்கிற விஷயமாக இருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன். அங்கே என் பக்கத்தில் காத்திருந்தவர்கள் வெவ்வேறு இடங்களில் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் சொன்னதும் என் கதைதான். அதனால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கி என்று தெரிந்ததும் நான் போனது மண்பாண்டம் செய்யும் ஒரு பெரியவரிடம். எங்கள் ஊர் வழக்கம் அது. மூன்று நாள் காவியைக் குழைத்து இறகால் தொட்டு எழுதினார். அதில் வலி குறையவில்லை. ஒன்பதாவது நாள்தான் டாக்டரிடம் போனேன். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மதுரை டாக்டர் இதை ஒவ்வொரு முறையும் சொல்லிக்காட்டினார். சொன்னது சரிதான். ஆனால் நடந்து முடிந்ததை எட்டு மாதமும் கேட்டுக்கொண்டிருந்தால் வலி குறையுமா? ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. அந்தப் பெரியவர் எழுதும் முன் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று உற்றுப் பார்த்தார். டாக்டர் ஒருநாளும் என் விலாவைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார்.

உள்ளே போகுமுன் நடைபாதையில் ஒரு பெண் நின்றபடியே கேட்பார், "வலி பத்துக்கு எத்தனைம்மா?" எட்டு என்பேன். ஒருநாள் டாக்டர் அதைப் படித்துவிட்டு, "எட்டுன்னா இப்படி உட்கார்ந்து பேச முடியாதும்மா" என்றார். மானாமதுரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துணி உரசாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தவள் நான். அழுதால்தான் நம்புவீர்களா? ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று உலக அளவில் உங்கள் துறைக்கான வலி ஆய்வுச் சங்கமே 2020-ல் திருத்திய விளக்கத்தில் எழுதியிருக்கிறது.

அப்புறம் மாத்திரை. இரவுக்கு என்று அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். எதற்கு என்று சொல்லவில்லை. மருந்துக்கடைத் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "இது மனசுக்குக் கொடுக்கிற மாத்திரை ஆச்சே அம்மா" என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. டாக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார் என்று அதைத் தொடவே இல்லை. அடுத்த முறை, குறையவில்லை என்றதும் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரையைக் கூட்டினார். தலை சுற்றும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. விடியற்காலையில் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு எலும்பு விரிசல் கண்டது. பயந்துபோய் அதையும் ஒரேயடியாக நிறுத்தினேன். அப்படிச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதும் பிற்பாடு தெரிந்ததுதான்.

கடைசியாக ஊசி. முதுகுத்தண்டை ஒட்டி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் போடுவது. 18,000 ரூபாய். தியேட்டர் உடுப்பு மாட்டிப் படுக்க வைத்த பிறகு, ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பதினோரு நாள் வலி குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எனக்குச் சர்க்கரை உண்டு. ஊசியில் ஸ்டீராய்டு சேர்த்தால் சில நாள் சர்க்கரை ஏறும் என்று சொல்லியிருந்தால் தினமும் பார்த்திருப்பேன். நாக்கு வறண்டு, தண்ணீர் தண்ணீராகக் குடித்து, மூன்றாம் நாள் சோதித்தால் 340.

வழக்கறிஞராக இருக்கும் என் தங்கை மகன் இரண்டு விஷயம் சொன்னான். சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை எல்லாம் நோயாளிக்கு விளக்கி வாங்குவதுதான் சம்மதம் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைத் தர வேண்டும். ஊசியில் என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதிக் கேட்டேன். "ஊசி போடப்பட்டது" என்று ஒரு வரிச் சீட்டு வந்தது. சத்துணவுக் கூடத்தில் ஒரு முட்டை உடைந்தாலும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். என் முதுகில் ஏற்றிய மருந்துக்குக் கணக்கு இல்லையா?

இப்போது அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மாவிடம் பார்க்கிறேன். கூட்டம் அங்கே மதுரை மையத்தைவிட அதிகம். முதல் நாளே திரையை இழுத்துவிட்டு, பஞ்சை எடுத்து விலாவில் மெல்லத் தடவி, எங்கே எரிகிறது, எங்கே மரத்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டார். சின்ன வயதில் சின்னம்மை கொடுத்த வைரஸ்தான் நரம்பில் ஒளிந்திருந்து அக்கியாக வந்தது என்றார். "அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரைதான். ஆனா இந்தக் குறைந்த அளவில் நரம்பு வலியைத்தான் அடக்கும். வாய் உலரும், ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க. முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன், தூங்க வைப்பேன்" என்றார். இவ்வளவையும் சொல்ல நான்கு நிமிடம் ஆகியிருக்கும். வீட்டில் கிடந்த அதே மாத்திரைதான். இப்போது விடிகாலை நான்கு மணி வரை தூங்குகிறேன்.

உங்களிடம் அதிசயம் எதுவும் கேட்கவில்லை. வலிக்கும் இடத்தைப் பாருங்கள். எந்த மாத்திரை எதற்கு, என்ன செய்யும், எப்போது நிறுத்தலாம் என்று தமிழில் சொல்லுங்கள், நேரமில்லை என்றால் உங்கள் நர்ஸாவது சொல்லட்டும். ஊசி என்றால் முந்தின நாளே, வீட்டில் கலந்து பேச அவகாசம் கொடுத்துச் சொல்லுங்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறதாமே, விலை அதிகம்தான், இருந்தாலும் கூட வரும் கணவரிடமும் அக்காவிடமும் அதைச் சொல்லுங்கள்.

டாக்டரம்மா என்னிடம் கேட்டு, நான் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றுதான்: "அந்த ஊசியில ஸ்டீராய்டு எவ்வளவு போட்டாங்க?" இனி ஒரு ஊசி தேவைப்பட்டால் அது தெரிந்தாக வேண்டுமாம். மதுரை டாக்டர் இதைப் படித்தால், அந்தக் குறிப்பைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். என் முகவரி உங்கள் கோப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
மானாமதுரையிலிருந்து உங்கள் நோயாளி