நாயின் கயிறு யார் கையில்?

ஆசிரியருக்கு,

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 23 முரட்டு நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரி, இனத்தைத் தடுத்தால் போதுமா? நாட்டு நாயும் கடிக்கும். எங்கள் தெருவில் முரட்டு நாயைக் கூட்டிவருவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன்தான்; அது இழுத்த பக்கம் அவனும் ஓடுகிறான். உரிமையாளர்களைக் கேட்டால், ‘ஒண்ணும் பண்ணாது சார்’ என்பார்கள். வாய்மூடி, குட்டைக் கயிறு, பிடிப்பவருக்கு 18 வயது ஆகிய மூன்றையும் நாய் வளர்ப்பு உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். மீறினால் அபராதத்தோடு உரிமமும் ரத்தாக வேண்டும். கடிபட்டவரின் சிகிச்சைச் செலவு முழுவதையும் உரிமையாளரே ஏற்கட்டும்.

– ஒரு வாசகர், கோடம்பாக்கம், சென்னை