ரோஜாவுக்குத் துணையாக ஒரு கொடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். படத்தில் ரோஜாவோடு பின்னிக்கிடக்கும் அந்த ஊதாப் பூ என்ன என்று கேட்டிருந்தீர்கள். அது ரோஜாவின் பூ இல்லை, தனிக்கொடி. பெயர் கிளெமாடிஸ். இங்கே சுவரில் படர்ரோஜா ஏற்றுகிறவர்கள் பலரும் பக்கத்திலேயே இதையும் வைக்கிறார்கள். ரோஜா முதல் சுற்றுப் பூத்து ஓயும் நேரத்தில் இது பூக்கத் தொடங்குவதால் சுவர் வெறிச்சென்று ஆகாது.

பூவின் நிறத்தைப் பார்த்துக் கன்றை வாங்கினால்தான் சிக்கல். முதலில் கேட்க வேண்டியது, இதை எப்போது கவாத்து செய்ய வேண்டும் என்பது. கிளெமாடிஸில் அதற்கென்றே மூன்று பிரிவு வைத்திருக்கிறார்கள். முதல் பிரிவு வசந்தத்தில், போன வருடத் தண்டிலேயே பூக்கும். அதில் மொன்டானா என்ற வகை 8 மீட்டருக்கு மேல் ஓடி ரோஜாவைப் போர்வையாக மூடிவிடும். ரோஜாவுக்கு வெயிலும் கிடைக்காது, காற்றும் கிடைக்காது. இரண்டாம் பிரிவில் நெல்லி மோசர் என்ற வகை போலத் தட்டு அளவுப் பூக்கள். பார்க்க அழகுதான், ஆனால் முதல் பூ பழைய தண்டில் வருவதால், ரோஜாவை வெட்டும்போது முள்ளுக்குள் கைவிட்டு அந்தத் தண்டுகளை முறியாமல் பிரித்தெடுக்க வேண்டும். அது ஆகிற காரியமில்லை.

ரோஜாவுக்குச் சரியான ஜோடி மூன்றாம் பிரிவு, அதிலும் விட்டிசெல்லா வகைகள். இவை அந்த வருடம் விடும் புதுத்தண்டில் கோடையின் நடுவிலிருந்து பூக்கும். 3, 4 மீட்டரோடு நின்றுகொள்ளும். குளிர்காலக் கடைசியில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், நல்ல மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, மேலே இருக்கும் காய்ந்த கொடியை மொத்தமாக இழுத்துப் போட்டுவிடலாம். அதன்பின் ரோஜா வெறுங்கிளையாக நிற்கும். அதையும் நிதானமாகக் கவாத்து செய்யலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வருடத்துக்கு ஒரே தடவை பூக்கும் ராம்ப்ளர் ரோஜாவைப் பூத்து முடிந்ததும், கோடைக் கடைசியில் வெட்டுவார்கள். அப்போது விட்டிசெல்லா பூத்துக் குலுங்கிக்கொண்டிருக்கும். அதனால் விட்டிசெல்லாவைத் திரும்பத் திரும்பப் பூக்கும் படர்ரோஜாவோடு சேர்ப்பதுதான் உத்தமம்.

நிறத்தை இதற்குப் பிறகு பார்க்கலாம். வெளிர் ரோஸ் நிற ரோஜாவுக்கு எட்வால் வியோலெட் அல்லது போலிஷ் ஸ்பிரிட், இரண்டுமே அடர் ஊதா. கருஞ்சிவப்பு ரோஜாவோடு ஊதா இருட்டில் கரைந்துபோகும். அங்கே இதழ் நுனியில் பச்சை தீற்றிய வெள்ளைப்பூ, ஆல்பா லக்சூரியன்ஸ், எடுப்பாக இருக்கும். இதழ் என்று சொல்கிறேனே தவிர, கிளெமாடிஸுக்கு அல்லி இதழே கிடையாது. நிறம் ஏறி விரிந்திருப்பது, மொட்டை வெளியே மூடியிருக்கும் புல்லி.

கொடி ஏறும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அப்பா. அவரை போலத் தண்டு சுற்றாது, பாகல் போலப் பற்றுக்கம்பியும் விடாது. இலைக்காம்பே வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். காம்பு குட்டை என்பதால் விரல் தடிமனுள்ள ரோஜாத் தண்டை அதனால் பிடிக்க முடியாது. மெல்லிய பக்கக்கிளைதான் வேண்டும். அதனால்தான் ரோஜா நட்டு இரண்டு, மூன்று வருடம் ஆகி, கிளை பரப்பிய பிறகு இதை நடச் சொல்கிறார்கள். அவசரப்பட்டால் கொடி முந்திக்கொண்டு ரோஜாவை அமுக்கிவிடும்.

நடும்போது ரோஜாவின் அடியிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி, வேரில் கத்தி படாமல் குழி எடுக்க வேண்டும். அகலமும் ஆழமும் 45 சென்டிமீட்டர். அடியில் மக்கிய தொழு உரம். கன்றைத் தொட்டியோடு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு தொட்டியிலிருந்து எடுத்து, தொட்டி மண்ணின் மேல்மட்டம் தரைக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் கீழே போகும்படி இறக்க வேண்டும். ஒரு மூங்கில் குச்சியை ரோஜாவை நோக்கிச் சாய்த்து ஊன்றி, கொடியை அதில் தளரக் கட்டினால் போதும். சாறு தோலில் பட்டால் எரியும், கையுறை அவசியம்.

ஆழமாக நடுவதற்குக் காரணம் வாடல் நோய். காலையில் நன்றாக இருந்த தண்டு திடீரென்று தொங்கி, இலைக்காம்பும் நரம்பும் கறுத்துவிடும். பூசணம்தான் காரணம். பெரிய பூ வகைகளை அதிகம் தாக்கும், விட்டிசெல்லாவை அவ்வளவாக அண்டாது. வந்துவிட்டால் கறுத்த பகுதிக்குக் கீழே, தேவைப்பட்டால் தரைமட்டம் வரை வெட்டி, வெட்டியதை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். மண்ணுக்குள் புதைந்த கணுக்கள் மறுபடி துளிர்க்கும். செத்துவிட்டது என்று அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது.

ஆனால் வெறும் தாகத்தாலும் கொடி வாடும். சுவரோரம் மழை விழாது. ரோஜாவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். முதல் இரண்டு கோடையில் வாரம் ஒருமுறையாவது ஒரு வாளி நிறைய ஊற்ற வேண்டும். வேர்ப்பகுதியில் மூடாக்கு போடும்போது தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள். வசந்தத்தில் இளந்துளிரை ஓடில்லா நத்தைகள் ஒரே இரவில் தின்றுவிடும், டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி. உரம் தனியாக வேண்டாம். ரோஜாவுக்குப் போடும் சாம்பல்சத்து மிகுந்த உரமே இதற்கும் பொருந்தும்.

நட்ட முதல் வருடம் பூ எண்ணிக்கையாகத்தான் இருக்கும். அப்போதும் குளிர் முடியும் சமயம் 30 சென்டிமீட்டருக்கு வெட்டத்தான் வேண்டும்; வெட்டாமல் விட்டால் அடியில் வெறும் குச்சியும் உச்சியில் மட்டும் பூவுமாக நிற்கும்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்